அவளுக்கு நெட் வேண்டாம்

"பொண்டாட்டி போனுக்கு நெட் போடக்கூட மனசு வரல பாரு, நல்ல ஆளு!"

வரிசையில் நின்ற பெண் தன் தோழியிடம் கிசுகிசுத்தது கவுன்ட்டர் வரைக்கும் கேட்டது. செல்போன் கடைப்பெண் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

எதிரே அறுபதை நெருங்கும் ஒரு தம்பதி. காலடியில் இரண்டு பெட்டிகள். மாலையில் விமானம்.

"என் நம்பருக்கு வெளிநாட்டுல நெட், பேச்சு ரெண்டும் வர்ற மாதிரி போடும்மா. அவ நம்பருக்குப் பேச்சு மட்டும் போதும்" என்று மறுபடியும் சொன்னார் கணவர்.

"ஏன், எனக்கு மட்டும் ஏன் வேண்டாம்?" மனைவி விடவில்லை. "பொண்ணு பிரசவத்துக்குப் போறேன். குழந்தையை என் தங்கச்சிக்கு வீடியோவுல காட்ட வேண்டாமா?"

"என் போன்ல காட்டு."

"உங்க கையிலேர்ந்து அதை வாங்கறதுக்குள்ள குழந்தை நடக்கவே ஆரம்பிச்சிடும்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்த அம்மாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"கல்யாணப் பத்திரிகையிலேயே ரெண்டு வரியைக் குறைச்ச மனுஷன்மா இவர். அதுல என் சித்தப்பா பேரே காணாமப் போச்சு. இன்னிக்கு வரைக்கும் அவர் எங்க வீட்டுப் பக்கம் வரல."

கடைப்பெண் சமாதானமாகச் சொன்னாள். "ரெண்டு நம்பருக்கும் சேர்த்து எடுத்தா தள்ளுபடி இருக்கு சார். பெரிய வித்தியாசம் வராது."

"வேண்டாம்மா."

"சரி, அது கிடக்கட்டும். முந்தாநாள்லேர்ந்து என் போன்ல நெட்டே வரல. அதையாவது பாரு" என்று மனைவி போனை நீட்டினாள்.

கடைப்பெண் வாங்கிப் பார்த்தாள். கோளாறு ஒன்றுமில்லை. யாரோ நெட்டை அணைத்து வைத்திருந்தார்கள். ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். விரலை வைக்கப் போனாள்.

கணவரின் கை குறுக்கே வந்து திரையை மூடியது.

"தொடாதே! அது ரிப்பேர்."

அந்த அதட்டலில் கடையே திரும்பிப் பார்த்தது. அவருக்கே கூச்சமாகிவிட்டது போல. குரலைத் தணித்து மனைவியிடம், "பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடு. பக்கத்துக் கடைதான்" என்றார்.

"எனக்கு வேலை வைக்கறதுல மட்டும் தாராளம்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு அவள் போனாள்.

கண்ணாடிக் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், கவுன்ட்டர் மேல் குனிந்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. பொண்ணு முந்தாநாளே போயிட்டா. பிரசவத்துல. குழந்தையும் தங்கல."

கடைப்பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"டாக்டர் தேதியை முன்னாடி வெச்சுட்டார்னு சொல்லி இவளைக் கூட்டிட்டுப் போறேன். இங்கேயே சொன்னா இவளால விமானம் ஏற முடியாது. ஏறலைன்னா கடைசியா முகம் பார்க்க முடியாது. யாரும் வீட்டுக்கு வராதீங்க, போனும் பண்ணாதீங்கன்னு சொந்தக்காரங்க காலைப் பிடிக்காத குறையாச் சொல்லிட்டேன். ஆனா மெசேஜ் அனுப்பறவங்களை என்ன பண்றது? பொண்ணு படத்தைப் போட்டு, சுத்தி பூவைப் போட்டு... நான்தான் இவ நெட்டை அணைச்சு வெச்சேன். அங்க இறங்கினதும் நெட் வந்தா எல்லாம் மொத்தமா வந்து விழும். இவ அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதும்மா. என் வாயால சொல்லணும்."

கடைப்பெண் தலையாட்டினாள். கேட்டபடியே இரண்டு நம்பருக்கும் பதிவு செய்தாள்.

மனைவி ஜெராக்ஸோடு வந்து சேர்ந்தாள். கணவர் பணம் கட்ட, கடையின் மறுகோடிக்குப் போனார்.

"அவர் சொன்ன மாதிரியே போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டேன்மா."

"நல்லது. எனக்கு நெட் வந்துடக் கூடாது."

கடைப்பெண் நிமிர்ந்தாள்.

அந்த அம்மாள் கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து இவர் குளிக்கப் போயிருந்தப்ப மாப்பிள்ளை இவர் போனுக்குக் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். கல்யாணமான நாள்லேர்ந்து என்னை அத்தைன்னுதான் கூப்பிடுவார். நேத்து 'அம்மா'ன்னார். அவ்வளவுதான். அதுக்கு மேல அவரால பேச முடியல. எனக்கும் கேக்கத் தைரியம் வரல. போனை இருந்த இடத்துலயே வெச்சுட்டேன்."

கடைப்பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்போ... ஏன்மா இவ்வளவு நேரம் சண்டை போட்டீங்க?"

"போடலைன்னா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் அந்த மனுஷன் இங்கேயே உட்கார்ந்துடுவார். எனக்காகத்தான் எழுந்து நடமாடிட்டு இருக்கார். அவரும் உட்கார்ந்துட்டா, எங்க ரெண்டு பேரையும் யாரும்மா அங்க கொண்டுபோய்ச் சேர்க்கறது?"

அவர் ரசீதோடு திரும்பி வந்தார். வந்ததும் மனைவியின் கையிலிருந்த போனைத்தான் பார்த்தார்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க? வேலை செய்யாத போனை நான் எதுக்குச் சுமக்கணும்? நீங்களே கட்டிட்டு அழுங்க!"

கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, போனை முழுதாக அணைத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.