பாலம் தாண்டினால் ஏ.சி. கிடையாது

பதினொரு பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை பஸ் டெப்போ கன்ட்ரோலர் மேஜையில் வைத்துவிட்டு, பாதி வேலை முடிந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார் பல்செட்காரர். பல்செட் செய்வதுதான் அவர் தொழில். பஸ்ஸில் எல்லோருக்கும் அதுவே பேராகிவிட்டது.

விஷயம் ஏ.சி. பேட்டரியில் ஓடுகிற சாயங்காலம் ஆறு பத்து கரன்ட் பஸ்ஸில், பாலம் தாண்டியதும் டிரைவர் ஏ.சி.யை அணைத்துவிடுகிறார். மூன்று வாரமாக இதே கதை. கேட்டால், "சார்ஜ் கம்மி" என்று ரெண்டே வார்த்தை. ஆள் பல்லைக் காட்டி ஒருநாளும் சிரித்ததில்லை. சரியான அழுத்தக்காரன் என்று பல்செட்காரர் அதை வைத்தே முடிவுகட்டிவிட்டார்.

சார்ஜை மிச்சம்பிடித்து மேலிடத்தில் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறான் என்று பஸ் முழுக்கச் சொன்னதும் அவர்தான்; ஆள் ஆளாகப் பிடித்துக் கையெழுத்து வாங்கியதும் அவர்தான்.

வீட்டில் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனுஷனுக்கு இந்த வீண் வம்பெல்லாம் எதற்கு, பஸ் வீட்டு வாசல் வரைக்கும் வருகிறதே என்று சந்தோஷப்படக் கூடாதா என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கன்ட்ரோலர் அம்மா காகிதத்தை நிதானமாகப் படித்தார்.

"பஸ்ஸையெல்லாம் கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருக்கிறது தெரியும்தானே, சார்?"

தெரியாமல் என்ன? பேட்டரி வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று தெரிந்துபோய், ஒவ்வொரு பஸ்ஸாக வரவழைத்து வயர் மாற்றுகிறார்கள். இந்த பஸ்ஸுக்கு முறை வர இன்னும் ஒரு மாதம். அதுவரை முக்கால் சார்ஜுக்கு மேல் ஏற்றக் கூடாதாம். நோட்டீஸ்தான் கதவிலேயே ஒட்டியிருக்கிறதே. அதற்காக ஜனங்களைப் புழுங்கவிடுவதா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டார் பல்செட்காரர்.

அம்மா ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றினார்.

"இதை வாங்கிக்கிட்டேன்னா நாளையிலிருந்து ஏ.சி. ஓடும் சார். ஆனா, ஏ.சி. ஓடினா அந்த முக்கால் சார்ஜ் மார்க்கெட் ஸ்டாப் வரைக்கும்தான் தாங்கும். அங்கேயே திருப்பிடலாம்னு உத்தரவு இருக்கு. மத்த பஸ் எல்லாம் அங்கதான் திரும்புது."

"ஆறு பத்து கடைசி ஸ்டாப் வரைக்கும் வருதேம்மா?"

"அவர் ஒருத்தர்தான் போறார். பாலத்துல பாதிக் கூட்டம் இறங்கிடும், அதுக்கப்புறம் அணைச்சா மூணு ஸ்டாப் கூடப் போகலாம்னு எங்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டார். அவரும் அந்தப் புழுக்கத்துலதானே உட்கார்ந்திருக்கார்?"

"கடைசி ஸ்டாப்புல அப்படி யாருக்காக?"

"ஒரே ஒரு பாசஞ்சராம். பேர்கூடத் தெரியாதுன்னார். முழங்கால் வலிக்காரராம், மார்க்கெட்ல இறக்கிவிட்டா அவ்வளவு தூரம் நடக்க மாட்டாராம்." அம்மா ஸ்டாம்பைத் தூக்கிப் பிடித்தார். "வைக்கட்டுமா, சார்?"

பல்செட்காரரின் கை தன்னாலே முழங்காலுக்குப் போனது. கையெழுத்துப் போட்ட மற்ற பத்து பேரும் மார்க்கெட் ஸ்டாப்புக்குள்ளேயே இறங்கிவிடுகிறவர்கள். அதற்கப்புறம் பஸ்ஸில் அவர் ஒருத்தர்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒரு கையெழுத்து விட்டுப்போச்சும்மா" என்று சொல்லி, காகிதத்தை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது டிரைவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். டிரைவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அதுவே பல்செட்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது.

பாலம் தாண்டியது. ஏ.சி. நின்றது.

"என்ன சார், நம்ம புகார் என்னாச்சு?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

பல்செட்காரர் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்து, முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டார்.

"ஜன்னலைத் திறங்க சார். காத்து பிச்சுக்கிட்டு வருது."