பாதிச் சம்பளப் பயிற்சி

“பாதிச் சம்பளத்துக்கு ஒரு வருஷம் மாடா உழைக்கணும், அதுக்குப் பேரு ரெசிடென்சியாம்! பார்மசி பட்டம் வாங்கியாச்சு, லைசென்ஸ் வாங்கியாச்சு. இனிமே நான் யாருகிட்டப்பா பாடம் படிக்கணும்?”

டெஸா குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள், சமையலறை நடுவில் நின்றுகொண்டு பொரிந்து தள்ளினாள். அடுப்பில் பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வென்டெல் சோளரொட்டியை மெதுவாகத் துண்டு போட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து உரமேறிய உடம்புதான். ஆனால் போன மாதம் வாசற்படியில் விழுந்ததிலிருந்து எல்லாமே மெதுவாகத்தான் நடந்தது.

“உட்காரும்மா. முதல்ல சாப்பிடு.”

“நாளைக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லப் போறேன். நான் வேலை பார்க்கற ஹைவே மருந்துக்கடைக்கே என்னைப் பொறுப்பா போடறேங்கறாங்க. அதை விட்டுட்டு மெயின் தெருவுல அந்தப் பொட்டிக்கடைக்குப் போய்ப் பயிற்சி எடுக்க எனக்கென்ன பைத்தியமா?”

“நீதானே ஆசைப்பட்டு விண்ணப்பம் எழுதிப் போட்டே?”

“அப்ப எனக்கு ஏதோ கிறுக்குப் பிடிச்சிருந்தது. இப்ப அங்க இமானின்னு ஒருத்தி அந்தப் பயிற்சியைத்தான் பண்றா. என்ன கிழிக்கறா தெரியுமா? வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்கன்னு ஊர்ல இருக்கற பெரிசுகளையெல்லாம் வரச் சொல்றா. ஒவ்வொரு புட்டியா எடுத்து, இது எதுக்கு, எப்பச் சாப்பிடறீங்கன்னு உட்கார்ந்து கதை பேசறா. இதுக்கு ஒரு வருஷமா?”

“உங்க கடையில அப்படிப் பேச மாட்டீங்களா?”

“பேசினா கார் வரிசை ஹைவேயைத் தொட்டுடும்!”

காரை விட்டு இறங்காமல் மருந்து வாங்கிப் போகும் ஜன்னல்தான் டெஸாவின் கடைக்குப் பெருமை. ஒரு கார் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் உள்ளே சிவப்பு விளக்கு எரியும். மேலாளர் முறைப்பார். நின்றபடியே தின்று, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நாள் முழுக்கப் பொட்டலம் நீட்டியே அவளுக்கு முதுகு ஒடிந்தது.

“நானும் பையைத் தூக்கிட்டு இமானிகிட்டப் போனேன்” என்றார் வென்டெல்.

டெஸாவுக்குச் சுருக்கென்றது. மருந்தியல் படித்த சொந்த மகள் இருக்க, ஊரான் மகளிடம் போய்ப் பையை அவிழ்த்தாராம்!

“நான் என்ன செத்தா போயிட்டேன்? என்னைக் கேட்க வேண்டியதுதானே?”

“உனக்கு நேரம் ஏதும்மா? விழுந்ததுக்கு அப்புறமும் தலை சுத்திக்கிட்டே இருந்தது. அந்தப் பொண்ணு பையைக் கொட்டிப் பார்த்தா. ரெண்டு புட்டி. வெளியில பேரு வேற வேற, உள்ள ரெண்டும் ஒரே பிரஷர் மாத்திரை. பழசு ஒண்ணு, புது டாக்டர் எழுதினது ஒண்ணு. நான் ரெண்டையும் போட்டுக்கிட்டிருந்தேன். ‘எப்படி இன்னும் எழுந்து நடமாடறீங்க?’ன்னு கேட்டா.”

டெஸா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். படியில் பனி வழுக்கியது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். இடுப்பு ஒடிந்திருந்தால்? மண்டை பிளந்திருந்தால்? பயம் வந்த சூட்டோடு ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது.

“அந்த ரெண்டாவது புட்டியை எந்தக் கடையில வாங்கினீங்க?”

“விடும்மா.”

“எப்படி விடறது? டாக்டர் தெரியாம எழுதிட்டார், சரி. கொடுத்தவனுக்குப் புத்தி எங்கே போச்சு? ‘வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?’ன்னு ஒரு கேள்வி. கேட்டா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?”

“கூட்டமா இருந்தது.”

“இருந்தா? நாம கொடுக்கறது மிட்டாயாப்பா? உங்க வயசைப் பார்த்தாலே கேட்கத் தோணுமே! அந்தத் தடியன் உங்களை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டான்.”

“பார்க்கலைதான்.”

“பார்த்தீங்களா! இந்த மாதிரிப் பொட்டலம் மடிக்கறவனுங்களாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேரு. மாநில மருந்தக வாரியத்துல புகார் கொடுக்கறேன். லைசென்ஸைப் பிடுங்கினாத்தான் புத்தி வரும். சொல்லுங்க, ஆள் யாரு?”

கைப்பேசியை எடுத்தே விட்டாள். வென்டெல் அடுப்பை அணைத்தார்.

“புகாரெல்லாம் வேண்டாம். இமானிகிட்ட இருக்கற அந்தப் பழக்கம் அந்த ஆளுக்கும் வந்தா எனக்குப் போதும்.”

“உங்களைக் கொல்லப் பார்த்தவனுக்கு எதுக்கு இப்படிப் பரிஞ்சு பேசறீங்க? அவன் என்ன உங்களுக்கு மாமனா, மச்சானா?”

வென்டெல் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நீ வேலை செய்யறதைப் பார்க்கணும்னு ஆசையா, உன் ஜன்னலுக்குத்தாம்மா காரை ஓட்டிக்கிட்டு வந்தேன். போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, நிமிராமலே பேரு கேட்டே, சொன்னேன். பிறந்த தேதி கேட்டே, அதையும் சொன்னேன். அந்த ரெண்டாவது புட்டியைக் கையில கொடுத்து, ‘நன்றி, சார்’னு சொல்லிட்டு அடுத்த காரைக் கூப்பிட்டுட்டே.”