வெயில் நோட்டு

நாற்பத்தேழாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

'நிறுவனர் அறியாமல், அன்றைய சேவகர் மாசிலாமணி தாமாகவே இவ்வழக்கத்தைக் கடைப்பிடித்து வந்தார்.'

மீண்டும் படித்தார். அதே வரி.

ஊர் நூலகத்தின் நூற்றாண்டு மலர். அச்சுக்குப் போகுமுன் அவர் பார்வைக்கு வந்திருந்தது. நிறுவனர் அவருடைய அப்பா.

எதிரே மலர்க்குழுச் செயலாளர் நயினார். கழுத்து வியர்வையைத் துடைத்த கைக்குட்டையில் அத்தர் வாடை. முகம் முழுக்கச் சிரிப்பு.

பக்கத்தில் எஸ்தர். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். நூலகத்தின் பழைய பதிவேடுகளை எட்டு மாதம் தூசி தட்டி, மலருக்காக வரலாறு எழுதியவள்.

அவள் சிரிக்கவில்லை. இவரைப் பார்க்கவும் இல்லை.

அவளுக்குத்தான் அந்த நோட்டு கிடைத்தது.

கோடு போட்ட நோட்டு. புத்தகத்தின் பெயர், தேதி, வெயிலில் வைத்த நேரம், எடுத்த நேரம். எல்லாம் ஒரே தெருவிலிருந்து திரும்பி வந்த புத்தகங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு.

மற்றவர்களின் புத்தகம் கையிலிருந்து கைக்கு வரும். அலமாரிக்குப் போகும். அந்தத் தெருக்காரர்கள் முறத்தில் வைக்க வேண்டும். அதே தெருக்காரரான மாசிலாமணி முறத்தை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவார். ஒரு பகல் முழுக்க வெயில். அதன் பிறகே அலமாரி. அதன் பிறகே அவர்களுக்கு அடுத்த புத்தகம்.

'யாவருக்கும் பொது' என்று வாசல் கல்லில் வெட்டியிருந்தது.

ஓர் ஐப்பசியில் அடைமழை. பரீட்சைக்குப் படிக்கிற ஒருவன் நான்கு நாள் வந்தான். நான்கு நாளும் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

நோட்டில் எழுதியது மாசிலாமணி அல்ல, இவர். அப்போது வயது பதினெட்டு.

பூச்சி அரிக்காமலிருக்க என்று அப்பா சொல்லவில்லை. எதற்கு என்று இவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் எஸ்தர் அந்த நோட்டோடு வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்பினார்: “எங்க குடும்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.”

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தார்.

“பெரியய்யா பேருல ஒரு தூசி ஒட்டாமப் பாத்துக்கிட்டேன் அண்ணாச்சி” என்றார் நயினார். “இந்தம்மா இருக்கதை இருக்கபடிதான் எழுதுவேன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. நாம விடுவமா?”

“நான் எழுதின வரி இல்ல அது” என்றாள் எஸ்தர்.

“சும்மா ஒண்ணும் போடலை. ஆதாரம் இருக்குல்லா?”

நயினார் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி மேசையில் வைத்தார்.

தட்டச்சு செய்த கடிதம். 'மேற்படி செயலை என் தகப்பனார் மாசிலாமணி எவர் சொல்லும் இன்றித் தாமாகவே செய்தார் என்பதை அறிவேன். இப்படிக்கு, மா. பூரணம்.'

கையெழுத்து நடுங்கியிருந்தது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

“அவ பேரன் நம்ம நூலகத்துலதான் பெருக்குதான். வேலை நிலைக்கணும்லா? ஒரு வார்த்தைதான் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா.”

குடித்துக்கொண்டிருந்த காப்பி நாக்கில் கொழகொழத்தது.

எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். துப்பினார்.

நாலு பேர் முன் எச்சில் துப்பி அறியாதவர். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டார். நாக்கில் அது அப்படியே இருந்தது.

“எங்கப்பா கௌரவத்தை மாசிலாமணி மககிட்டப் போயி கைநீட்டி வாங்கிட்டு வந்திருக்கியே, நயினாரு.”

நயினாரின் சிரிப்பு உடனே அணையவில்லை. மெதுவாகத்தான் அணைந்தது.

“நீங்க இல்லைன்னு சொன்னதாலதான அண்ணாச்சி? நோட்டு இருக்கு. நீங்களும் இல்ல, பெரியய்யாவும் இல்லைன்னா, யாராச்சும் ஒருத்தர் செஞ்சிருக்கணும்லா?”

அத்தர் வாடை குமட்டியது.

குமட்டுவது அத்தர் மட்டும்தானா என்று நின்று யோசிக்க அவர் விரும்பவில்லை. பேனாவைத் திறந்தார். அந்த வரியை அடித்தார். தாள் கிழிந்தது. ஓரத்தில் எழுதினார்.

'இது நிறுவனரின் உத்தரவு. நோட்டை எழுதியவன் அவர் மகன்.'

முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

“அண்ணாச்சி, இது அச்சுல வந்தா ஊரு காறித் துப்பும்.”

“துப்பட்டும்.”

எஸ்தர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

பூரணத்தின் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். செருப்பை மாட்டினார். கார் இருக்கிறது என்று நயினார் பின்னாலேயே வந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைத்தெரு முழுக்கக் கும்பிட்டது. பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே நடந்தார்.

வாய்க்கால் பாலம் வந்தது. எண்பத்தொரு வருடம் இந்த ஊரில். இங்கே வரைதான் வந்திருக்கிறார்.

தாண்டினார்.

தெரு இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

குழாயடியில் குடத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

“பூரணத்தம்மா வீடா? மூணாவது சந்து.”

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வேட்டியின் கரையிலிருந்து முகம்வரை அவரைப் பார்த்தாள்.

“தாத்தாவுக்கு எந்த ஊரு?”