தூங்குகிற வேட்டைக்காரி

அரக்கன் கோட்டைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்த நேரத்தில் பேராச்சி தூங்கப் போய்விட்டாள்.

"நான் தூங்குதேன்" என்று சொல்லிவிட்டுக் அரை டம்ளர் கட்டிங் சாயை ஊதி ஒரு மடக்குக் குடித்தாள். தூங்கியது அவள் இல்லை. ஆட்டத்தில் அவள் ஆடுகிற வேட்டைக்காரி.

சாஹில் பகடையைத் தரையில் வைத்துவிட்டு, கதை சொல்லுகிற கணேசபாண்டியனைப் பார்த்தான். "அண்ணாச்சி, நமக்கு முடியல. இந்த அக்காவ எடுத்துட்டு ஆஸியாவச் சேத்துக்கலாம்." பக்கத்தில் இருந்த நஸீராவும் தலையை ஆட்டினாள். ஆஸியா அவளுடைய கூட்டுக்காரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாராவியில் அந்தத் தோல்பைப் பட்டறை பூட்டிக் கிடக்கும். தோல் வெட்டுகிற கணேசபாண்டியனிடம் சாவி உண்டு. சாஹில் பழைய சாமான் பிரிக்கிற இடத்தில் ஒரு மூட்டைக்குள் இருபது முகம் உள்ள பகடை கிடைத்தது. அதை வைத்து அவர் ஓர் ஆட்டம் கட்டினார். அவர் கதை சொல்வார், மற்ற மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். வெட்டு விழுமா விழாதா என்பதைப் பகடை சொல்லும். ஆளுக்குப் பத்து உயிர்.

சட்டங்களை ஓர் அட்டையில் பத்து வரியாக எழுதினார். முப்பத்தைந்து வயதில் படித்த எழுத்து என்பதால், தமிழைத் தவிர வேறு எழுத்து அவருக்குத் தெரியாது. இங்கேயே பிறந்த சாஹிலுக்கும் நஸீராவுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. வாயாலே சொல்லிவிடுங்கள் என்றார்கள். அவரும் வாளையும் வில்லையும் பற்றி மட்டும் சொன்னார்.

பேராச்சி மட்டும் அட்டையை மடியில் வைத்து, விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் எழுத்துப் படித்தும் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "தூ... ங்... கி எ... ழு... ந்தால் ஓ... ர் உ... யி... ர்..." என்று ஏழாம் வரிக்கு வருவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது.

"அக்கா, நீங்க படிச்சு முடிக்கதுக்குள்ள அரக்கனே வயசாகி மௌத்தாயிருவான்" என்றான் சாஹில். எல்லாரும் சிரித்தார்கள். பேராச்சியும் சிரித்தாள்.

ஆட்டத்தில் சாஹிலுடைய வீரனுக்குத் தொலைந்துபோன குதிரை வேண்டும். நஸீராவின் தளபதிக்குத் தகப்பனைக் கொன்றவன் வேண்டும். குதிரைக் கதை நீண்டால் நஸீரா போனைத் தடவுவாள். தகப்பன் கதை நீண்டால், "அவருதான் செத்துட்டாருல்லா, சோடோ, விடு" என்பான் சாஹில்.

இரண்டு பேரையும் கட்டி மேய்க்க முடியாமல் கணேசபாண்டியன் தண்ணீர்க் குழாயடிபோல ஆள் மாற்றி ஆள் பாரி வைத்தார். ஒருவர் கதை ஒரு குடம் நிறைகிற நேரம் ஓடும், அப்புறம் அடுத்தவர் பாரி. ஒரு ஞாயிற்றுக்கு நாலு சுற்று.

பேராச்சி தனக்கென்று கதையே கேட்கவில்லை. பாரி வந்தால் "நான் தூங்குதேன்" என்பாள், அவ்வளவுதான். காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, அண்டாவைத் தலையில் சுமந்து மாட்டுங்கா வரை நடக்கிறவளுக்கு வேறு என்ன ஆசை இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அவளுடைய குடத்தையும் சாஹிலும் நஸீராவும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இருபது ஞாயிறு இப்படியே போனது. அப்போதெல்லாம் அவளுடைய தூக்கம் யாருக்கும் உறுத்தவில்லை.

இன்றைக்குத்தான் கடைசி. அரக்கனுக்கு அறுபது உயிர்.

பேராச்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "வாரத்துல நான் உக்காருதது இந்த ரெண்டு மணி நேரந்தான். வேண்டாம்னா சொல்லுங்க, போயிருதேன்."

கணேசபாண்டியனுக்குச் சங்கடமாகிவிட்டது. இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருத்தி ஒரு பக்கம். கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். இன்றைக்கு ஜெயித்தால் பேச்சே இல்லை, தோற்றால் பேராச்சி இடம் ஆஸியாவுக்கு. சாஹில் அப்போதே ஆஸியாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டான்.

சண்டை தொடங்கியது. எல்லார் கதையும் ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்று கணேசபாண்டியன் வாரம் முழுக்கத் தோல் வெட்டிக்கொண்டே யோசித்து வைத்திருந்தார். நஸீராவின் தகப்பனைக் கொன்றவன் இந்த அரக்கன்தான். அவன் ஏறி வந்திருப்பது சாஹிலின் குதிரைதான்.

அதுவே வினையாகப் போனது. நஸீரா அம்பை எடுத்தால் குதிரைமேல் படும் என்று சாஹில் குறுக்கே விழுந்தான். சாஹில் வாளை ஓங்கினால், அரக்கன் தன் வாயால் கொலையை ஒத்துக்கொண்ட பிறகுதான் சாக வேண்டும் என்று நஸீரா தடுத்தாள். இவர்கள் சண்டை முடிவதற்குள் அரக்கன் இரண்டு பேரையும் சுழற்றிச் சுழற்றி அடித்தான். சாஹிலுக்கு மிச்சம் ஓர் உயிர், நஸீராவுக்கு இரண்டு. அரக்கனுக்கு நாலு உயிர்தான் போயிருந்தது.

ஆஸியா வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். நஸீரா நகர்ந்து இடம் விட்டாள்.

அரக்கன் மூலையில் தூங்குகிற வேட்டைக்காரியின் பக்கம் திரும்பினான்.

"எந்திரி தாயி. ஒனக்கு எத்தனை உயிர் இருக்கு?" என்று கணேசபாண்டியன் கேட்டார். எல்லாருக்கும் தெரிந்த பத்துதான் என்று அவர் நினைத்திருந்தார்.

பேராச்சி இடுப்பில் செருகியிருந்த காகிதத்தைப் பிரித்தாள். அதில் ஒவ்வொரு தூக்கத்துக்கும் ஒரு கோடாக, ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள் பக்கம் முழுக்க இருந்தன. அட்டையை எடுத்து ஏழாம் வரியில் விரலை வைத்து, எழுதினவர் பக்கமே திருப்பிக் காட்டினாள்.

"தொண்ணூத்தொண்ணு, அண்ணாச்சி."