சிலுவை விறகு

தேவசிகாமணி ஓங்கிப் போட்ட கோடாரியில் விறகு இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதியிலும், மர ரேகைகளுக்கு நடுவே, கறுப்பாக ஒரு சிலுவை.

"ஏனுங்க, ஆண்டவரு நம்ம தோட்டத்து மரத்துலயே வந்துட்டாருங்க" என்றாள் அவன் மனைவி சாந்தாமேரி.

"ரேகை எப்படி வேணாலும் ஓடும். போன வாரத்து விறகுல ஆந்தை மூஞ்சி இருந்துச்சு. அதை எரிச்சுத் தோசை சுட்டியே, இதையும் அடுப்புல வெய்யி."

"ஆந்தையும் ஆண்டவரும் ஒண்ணுங்களா?"

"குடு, நானே வெக்கிறேன்."

அவள் விறகை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அரை மணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. மெழுகுவத்தி ஏற்றிப் பாட ஆரம்பித்தார்கள். ஃபாதரை அழைத்துவர ஏற்காட்டுக்கு ஒரு பைக் பறந்தது. தேவசிகாமணி மட்டும் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

"விசுவாசம் இல்லாத மனுசன்" என்று சாந்தாமேரி எல்லோரிடமும் வருத்தப்பட்டாள்.

பக்கத்துத் தோட்டத்து வெங்கடாசலமும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு குனிந்து சிலுவையை விரலால் தடவினார்.

"உங்களுக்கும் மெய் சிலுக்குதுங்களாண்ணா?"

"நொம்ப சிலுக்குது அம்மிணி. இது எங்கப்பா அருவாள்ல வெட்டுன குறி. வேலியோரத்து சில்வர் ஓக் எங்களுதுன்னு அடையாளத்துக்கு வெட்டுனாரு. அப்புறம் பட்டை வளந்து மூடி, மரம் பருக்கப் பருக்க குறி உள்ள போயிருச்சு. போன மாசம் நாங்க திருப்பதி போய்ட்டு வர்றதுக்குள்ள மரத்தையே காணோம்."

பாட்டு நின்றுவிட்டது. சாந்தாமேரி மெதுவாக அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, வெளிய வாங்க. ஆண்டவரு உங்களத்தான் தேடி வந்திருக்காருங்க."