இரண்டு பலகை

“பலகையைத் திருப்புங்க, பாப்போம்.”

மொட்டை மாடியில் தையல்காரம்மாவின் கணவர் தன் கையிலிருந்த சிலேட்டுப் பலகையைத் திருப்பினார். நாலு புள்ளி ரெண்டு. அவள் பலகையிலும் அதேதான்.

“அட, இன்னைக்கும் ஒண்ணாவே வந்திருக்கே” என்று சிரித்தார் முன்னாள் பஸ் டிரைவரான அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“நட்சத்திரம் வேணா ரெட்டையா ஒட்டிக்கிட்டு இருக்கலாம். நம்ம கணக்கு ஒட்டக் கூடாதுங்க.”

தெற்கு வானத்தில் ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தாலும் அது இரண்டு நட்சத்திரங்கள். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய ராட்சதர்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. எப்போது மங்கும், எப்போது பொங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தினமும் இருட்டியதும் இருவரும் பைனாகுலரில் பார்த்து, தனித்தனியே வெளிச்சத்துக்கு ஓர் எண் போடுவார்கள். எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம். போனில் அதை வானம் பார்ப்போர் சங்கத்துக்கு அனுப்புவது அவர் வேலை.

ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஆள் கொஞ்சமாவது வித்தியாசம் வரத்தான் செய்யும். வரவே இல்லையென்றால் யாரோ காப்பி அடிக்கிறார்கள். சங்கத்துக்குத் தெரிந்தால் இரண்டு பேரையும் கழற்றிவிடுவார்கள். ‘அந்தம்மா கண்ணுக்குத் தப்பாது’ என்று அங்கே வாங்கிய பெயர்தான் அவளுக்கு உயிர்.

மனிதரின் போக்கும் கொஞ்ச நாளாகச் சரியில்லை. கேட்காமலேயே தையல் மெஷின் பக்கம் போய் ஊசியில் நூல் கோர்த்து வைக்கிறார். மடியில் கனம் இல்லாதவர் எதற்கு இப்படிக் குழைய வேண்டும்? அவளைக் கீழே அனுப்பிவிட்டு, “துணி காஞ்சிருச்சான்னு பாத்துட்டு வரேன்” என்று மறுபடி மாடி ஏறுகிறார். இருட்டில் என்ன துணி?

மறுநாள் அவள் பொறி வைத்தாள். பைனாகுலரில் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நிமிர்ந்து, பலகையில் ‘ரெண்டு’ என்று பெரிதாக எழுதினாள். நட்சத்திரம் நிஜமாகவே அவ்வளவு பளிச்சென்று ஆகியிருந்தால் ஊரே மாடி ஏறியிருக்கும்.

“திருப்புங்க.”

ரெண்டு.

“மாட்டிக்கிட்டீங்க” என்றாள். “நான் இன்னைக்குப் பாக்கவே இல்லீங்க. கண்ணை மூடிக்கிட்டு எழுதினேன். எத்தனை நாளா நடக்குது இந்தத் திருட்டு? நாளைக்கே சங்கத்துல சொல்லி உங்க பேரை எடுக்கச் சொல்றேன்.”

“என் பேரை நானே எப்பவோ எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டீங்களா? அப்புறம் எதுக்கு தினமும் பலகையும் கையுமா நிக்கிறீங்க?”

“கணக்கு ரொம்ப வேற வேறயா வந்தா நீ மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னுதான்.” அவர் பைனாகுலரை மெதுவாகப் பெட்டியில் வைத்தார். “நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம்மா. கொஞ்ச நாளா நீ பாத்துக்கிட்டிருக்கிறது தெற்கால இருக்கிற செல்போன் டவர் உச்சி விளக்கை. நட்சத்திரத்தை நீ கீழ போனப்புறம் நான் வந்து பாத்து, உன் பேர்ல அனுப்பிடுறேன்.”