கள்ளிக்குடி வரும்வரை

பக்கத்து சீட் பெண் கேட்கப் போகிறாள்.

தர்ஷிகாவின் அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதிலிருந்தே அந்தப் பெண், மடியிலிருந்த புது குக்கர் பெட்டிக்கு மேலாக இவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடியில்லாத தலை. நெற்றியில் புடைத்த பச்சை நரம்பு. சுருங்கிப்போன கைகள்.

ஒன்பது வயது தர்ஷிகா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

பதில் அம்மாவுக்கு மனப்பாடம். பிறவியிலேயே வந்தது. கோடியில் ஒரு பிள்ளைக்கு வரும். சின்ன வயதிலேயே முதுமை. இல்லை, ஒட்டாது.

காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

இனி முடியாது.

முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு என்னக்கா?"

அவள் அசையவில்லை.

"அம்மா தூங்குறாங்க. நான் சொல்றேன்," என்றாள் தர்ஷிகா. "எனக்குச் சீக்கிரமா வயசாகுது ஆன்ட்டி. தொட்டா ஒட்டாது."

அந்தப் பெண் உச்சுக்கொட்டினாள். "மருந்து குடிச்சாச் சரியாயிருமா கண்ணு?"

அம்மா கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சரியாகிவிடும் என்றுதான் மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். டாக்டர் பேச வாயெடுத்தாலே பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவாள்.

"ஆகாது. பதினாலு வயசு வரைக்கும் இருந்தாலே பெருசுன்னு ஸ்கேன் எடுக்கிற ரூம்ல பேசிக்கிட்டாங்க."

பிள்ளையின் குரல் தணிந்தது.

"அம்மாவுக்குத் தெரியாது. பாவம், சரியாயிரும்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. நீங்க சொல்லிராதீங்க."



திருமங்கலம் வந்தது. போனது.

கம்பியின் அதிர்வு நெற்றியிலிருந்து பல் வரைக்கும் இறங்கியது. கண்ணிலிருந்து வழிந்தது மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும்.

துடைக்கவில்லை.

ஒரு சின்னக் கை முதுகைத் தட்டியது. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

"எந்திரிம்மா. கள்ளிக்குடி வந்திருச்சு."

முந்தானையில் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கொட்டாவி விட்டாள்.

"நல்லாத் தூங்குனியாம்மா?"

"ம். அசந்துட்டேன்டி."

இறங்கியதும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கனமே இல்லை. பஸ் புழுதி அடங்கும்வரை ஓரமாக நின்றாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

அவள் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டி எதுவும் வரவில்லை.

"சரியாயிரும்னாரு."

"பாத்தியா," என்றாள் தர்ஷிகா, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு. "நீதான் சும்மா பயந்துக்கிட்டே இருந்த."